செருப்புக்கடை கேக்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கும் பெண் அவள். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகள் ஊர்ந்துபோகும் ஸ்கேனருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரையை முறைப்பதுதான் வேலை. இரும்பு நீலமாகத் தெரியும், தின்பண்டம் ஆரஞ்சாகத் தெரியும், திருட்டு முழி எந்த நிறத்திலும் தெரியும். அவள் உற்றுப் பார்த்தால் பூட்டிய பெட்டிகூடத் தானாகத் திறந்துகொண்டு, "தாயே, ரெண்டு துண்டும் ஒரு சோப்பு டப்பாவும்தான், விட்டுடுங்க" என்று கதறும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சத்தியம் செய்வார்கள்.

அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டா வர முடியும்? வீட்டுக்கும் கொண்டு வந்தாள். அதற்குக் காரணமும் இருந்தது. மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் ரெண்டு தும்மல், கொஞ்சம் சொறி என்ற கணக்கில் இல்லை. நாலு வயதில் யாரோ நீட்டிய பிஸ்கட்டின் ஓரத்தைத்தான் குழந்தை கடித்தது. உதடு வீங்கியது, மூச்சு விசிலடித்தது, ஆம்புலன்ஸில் அந்தச் சின்னக் கை அவள் விரலைப் பிடித்த பிடி தளர்ந்துகொண்டே வந்தது. குழந்தை பிழைத்தது. அவளுடைய நிம்மதிதான் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு அவள் காற்றையே நிறுத்தி விசாரித்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கையைக் கழுவ வேண்டும். கணவன் பிளம்பர். அந்த மனிதன் நாள் முழுக்க ஊரார் வீட்டுக் குழாயோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டிய பிறகுதான் சொந்த மகளைத் தூக்கலாம். பிறந்தபோது குட்டியாக இருந்ததால் தாய்மாமன் குழந்தைக்குப் 'பட்டாணி' என்று செல்லப்பெயர் வைத்திருந்தான். பட்டாணி வேர்க்கடலைக்குப் பங்காளி முறை என்று எங்கோ படித்த நாளிலிருந்து அந்தப் பெயருக்கும் வீட்டில் தடை.

பெயர் வைத்த தம்பியோ நிரந்தரக் கறுப்புப் பட்டியலில் இருந்தான். செருப்புக்கடைக்காரன். அந்த பிஸ்கட் நாளில், உதடு வீங்க ஆரம்பித்தபோது, "ஒரே ஒரு கடிதானேக்கா, ஒண்ணும் ஆகாது" என்று சொன்ன மகான் அவன்தான். ஆனாலும் சனிக்கிழமைகளில் அவளுக்கும் கணவனுக்கும் வேலை இருந்தது. வேறு வழியில்லாமல், எட்டு வயது மகளை, சாப்பாட்டு டப்பா, இடுப்புப் பையில் பேனா மாதிரியான அவசர ஊசி, லாரி கொள்ளாத அறிவுரைகள் ஆகியவற்றோடு அவன் கடையில் விட்டுவிட்டுப் போவாள்.

சமீபமாக ஏதோ சரியில்லை.

முதலில் சோப்பு வாசனை. சனிக்கிழமை மாலை வழக்கம்போல மகளின் கையை மோந்து பார்த்தாள். கமகமவென்று எலுமிச்சை சோப்பு.

"யாரு கழுவச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானேதான்."

அன்று கணவனைச் சமையலறை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "சொல்லாமலே கை கழுவுற பிள்ளைய நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"நல்லதுதானே?"

"நல்லதா? தடயத்த அழிக்கிறாங்க!"

"யாரு?"

"உங்க மச்சான்!"

"உன் தம்பின்னு சொல்லு. கோபம் வந்தா மட்டும் என் தலையில கட்டுற."

அடுத்து, பிறந்தநாள் விவகாரம். வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் ஞாயிறு அன்று விருந்து என்று பெற்றோர்களின் போன் குழுவில் செய்தி வந்திருந்தது. மகள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. போன வருடம் இன்னொரு விருந்துக்குத் தாயும் கூடவே போயிருந்தாள். கேக்கைக் கிண்டி, செய்தவரைப் போனில் குறுக்கு விசாரணை செய்து, ஊதாத பலூனையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் மகளை உட்கார விட்டாள். அதற்கப்புறம் இந்த வருடம் வரை ஓர் அழைப்பும் இல்லை. இப்போது வந்த ஒன்றையும் பிள்ளை மறைக்கிறது. ஏன்?

போன சனிக்கிழமை வந்ததுதான் உச்சம். மகளின் சட்டைக் கையில் வெள்ளையாக ஒரு தீற்றல். கிரீம்! நகத்தால் சுரண்டி, விளக்கடியில் வைத்து, கணவனின் மூக்குக்கடியில் நீட்டி, சிறு ஆராய்ச்சி நிலையமே நடத்தினாள். என்னவென்று பிடிபடவில்லை. ஒன்று மட்டும் பிடிபட்டது. 'ஒண்ணும் ஆகாது' ஆசாமி திரும்பவும் கைவரிசையைக் காட்டுகிறான். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குகிறான். பிள்ளையும் உடந்தை.

இந்தச் சனிக்கிழமை வேலை நேரத்தை ஒரு தோழியோடு மாற்றிக்கொண்டாள். கடைக்குப் போனால், வியாபாரம் கொழிக்கும் மதியத்தில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. செருப்புக் கடைக்காரன் சனிக்கிழமை கடையைச் சாத்துகிறான் என்றால் ஒன்று சாவு, இல்லையென்றால் சதி. பக்கத்துச் சந்து வழியாகப் பின்கதவைத் தள்ளினாள். கூரை வரை அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, வயிற்றை எக்கிக்கொண்டு, ஒரு சந்தில் கண்ணை வைத்தாள்.

தம்பி தலையில் பூப்போட்ட துப்பட்டாவைப் போர்த்தியிருந்தான். கையில் ஒரு பெட்டி மூடி. அதன்மேல் கேக்!

பாய்வதற்குக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். அது கேக் இல்லை. செருப்பின் ரப்பர் அடிப்பாகங்களை அடுக்கி, மேலே வெள்ளை ஷூ பாலிஷைக் குழைத்துப் பூசி, உச்சியில் ஒரு சிவப்புப் பொத்தானை வைத்திருந்தார்கள்.

"ஐயோ கண்ணு," என்று தம்பி கீச்சுக் குரலில் இழைந்தான். "ஆன்ட்டி ஆசையா செஞ்சேன்டா. ஒரே ஒரு வாய்!"

"வேணாம் ஆன்ட்டி. கடலை இருக்கலாம். எனக்கு ஆகாது."

"ஒரே ஒரு கடிதானே, ஒண்ணும் ஆகாது!"

பெட்டிகளுக்குப் பின்னால் அவளுக்குச் சுரீரென்றது. அது அவனுடைய சொந்த வசனம். 'அக்கா'வைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை.

"ஆகும் ஆன்ட்டி. ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் என் டப்பாவுல கொண்டு வந்திருக்கேன்."

தம்பி விடுவானா? நெஞ்சில் அடித்துக்கொண்டான், தரையில் உருண்டான், "என் கேக்க அவமானப்படுத்திட்டாளே!" என்று ஊரைக் கூட்டினான். மகள் இடுப்பில் கை வைத்து நின்றாள். கலெக்டர்கூட அவ்வளவு அழகாக மனுவை நிராகரித்திருக்க மாட்டார்.

"சபாஷ் பட்டாணி! ஆன்ட்டி அவுட். கைய கழுவு, போகலாம்."

"மாமா, கஷ்டமானது பாக்கி இருக்கே."

"அதுவா? போன வாரமே வேணாம்னேன்ல."

"ப்ளீஸ் மாமா."

அவன் பெருமூச்சு விட்டு, துப்பட்டாவைத் தோளுக்கு இறக்கி, புருவத்தைச் சுருக்கினான். மகளின் கையைப் பிடித்து மோந்தான். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பெட்டிகளுக்குப் பின்னால் நின்றவளுக்கு ஆளை அடையாளம் தெரிய வெகுநேரம் ஆகவில்லை. படுபாவி, நடை உட்பட அச்சு அசலாக அவளேதான்.

"ம், கேளு," என்றான்.

"அம்மா... ஞாயித்துக்கிழமை... நான் மட்டும்..."

அவ்வளவுதான். உருண்டு புரண்ட ஆன்ட்டியை ஓட ஓட விரட்டிய வாய் ஒட்டிக்கொண்டது.

"சொல்லும்மா. நான் மட்டும் போறேன்னு சொல்லு."

"முடியல மாமா. அம்மா உடனே பாத்ரூமுக்குப் போயிடுவாங்க. குழாயத் தொறந்து விட்டுட்டு அழுவாங்க."

குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்றுதான் இத்தனை வருடமாக அவள் நினைத்திருந்தாள். கணவன்கூட, பிளம்பராக இருந்தும், ரெண்டு தடவை ஸ்பானரோடு வந்து கதவைத் தட்டி, "குழாய் கசியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். பாவம், அவனுக்கும் தெரிந்துதான் இருக்குமோ?

கால் நழுவியது. பெண்கள் ஏழாம் நம்பர், குழந்தைகள் ஸ்கூல் ஷூ, மழைக்கால பூட்ஸ் என்று மூன்று கோபுரங்கள் அவள் மேலேயே சரிந்தன.

"அக்கா!"

"அம்மா!"

பூட்ஸ்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தாள். தம்பியின் தோளிலிருந்த துப்பட்டாவைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள்.

"நகருடா. என்ன மாதிரி நடிக்கிறானாம். என் மூக்கு அவ்வளவு பெருசா?" ஷூ போட்டுப் பார்க்கும் முக்காலியில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "இப்ப கேளு. நான் குழாய்ப் பக்கம் போகமாட்டேன்."

மகள் மாமனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "நான் மட்டும் போறேன்மா. நீ வராத."

அவள் கண் பழக்கத்தில் குழாயைத் தேடியது. பிறகு தொழில் புத்தி தலைதூக்கியது. "டப்பா?"

"நானே கொண்டு போவேன். கேக்கத் தொடக்கூட மாட்டேன்."

"மூச்சு இழுத்தா? ஊசிய யாரு போடுவா?"

"அந்தப் பிறந்தநாள் பொண்ணோட அம்மா," என்று தம்பி குறுக்கே புகுந்தான். "செருப்பு வாங்க வந்தாங்கக்கா. சும்மா விடுவேனா? ஊசி இல்லாத பழகுற பேனாவ வெச்சு, ஷோகேஸ்ல இருக்கிற பிளாஸ்டிக் கால்ல இருபது தடவை குத்த வெச்சுட்டுத்தான் விட்டேன். செருப்பு வாங்காமயே ஓடிட்டாங்க."

"அவங்க ஒழுங்கா குத்துறாங்களான்னு எனக்கெப்படிடா தெரியும்?"

"நீயே போய்ப் பாத்துக்கோ."

போனாள். அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய், அந்த அம்மாளைச் சமையலறையில் உட்கார வைத்து, தன் தொடையை நீட்டிப் பழகு பேனாவால் குத்தச் சொன்னாள். தொடை சிவக்கும் வரை தேர்வு நடந்தது. அந்த அம்மாள் தேறினாள்.

ஞாயிறு மதியம் மகளை அந்த வீட்டுக் கேட்டில் விட்டாள். கதவு மூடியது. எதிர்ப்பக்கப் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். வந்த பஸ்ஸெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போயின. ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏறுறீங்களா, இல்ல யாரையாவது வேவு பாக்கறீங்களா?" என்றான்.

"உங்க வேலையப் பாருங்க."

கொஞ்ச நேரத்தில் கருவிப் பையோடு கணவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளே யாரோ ஒரு குழந்தை வீறிட்டபோது மட்டும் அவள் எழுந்து பாதி சாலை வரை போனாள். அது சிரிப்பு என்று தெரிந்ததும் திரும்பி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒருவழியாகக் கேட் திறந்தது. மகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். தாய் சாலையை ஒரே தாவலில் கடந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"அந்த ஆன்ட்டி ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்கம்மா. வேணாம்னேன். சரிம்மான்னு போயிட்டாங்க. தரையில உருளவே இல்ல!"