பேட்டரி கேட்காத வில்லை

அவன் மனைவியின் காளான் அறைகள் மூன்றும் நிலத்தடியில் இருந்தன. சுவரில் எப்போதும் ஈரம். வெப்பம் பார்க்க மாட்டிவைத்த கருவிகளின் பேட்டரிகள் பச்சை பூத்துச் செத்துக்கொண்டே இருந்தன. காளானுக்குச் சூடு ஆகாது. ஒரு பகல் காய்ந்தால் பைக்குப் பை அழுகிவிடும். வீடு ஓடுவது அந்தப் பைகளால்தான்.

அவனுக்கு அரைகுறை என்று பெயர் வைத்தவர் மனைவியின் அண்ணன். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவன், அதற்குப் பிறகு கிடைத்த வேலைகளையும் பாதியில் விட்டவன். பெயரில் தப்புச் சொல்ல முடியாது. அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தான்.

அந்தக் கருவிகளுக்குப் பதிலாக, பேட்டரியே இல்லாத ஒரு வட்ட வில்லையை அவன்தான் செய்தான். செப்புத் தகட்டில் ஓர் ஆன்டெனா, கடுகளவு டயோடு, மின்சாரத்தைச் சேர்த்துவைக்க ஒரு கெப்பாசிட்டர். செல்போன் கோபுரம், பக்கத்து வீட்டு வைஃபை என்று காற்றில் சும்மா போகிற அலைகளை அது சொட்டுச் சொட்டாகப் பிடிக்கும். கெப்பாசிட்டர் நிறைந்ததும் அறையின் வெப்பத்தை அளந்து, படிக்கட்டின் உச்சியில் இருந்த திரைக்கும் அவன் போனுக்கும் ஓர் எண்ணை அனுப்பிவிட்டு மறுபடி உறங்கும்.

“அடுத்த வீட்டு நெய்ல நம்ம வீட்டுச் சமையலா?” என்றாள் மனைவி.

“சிந்துற நெய்தானே. தொடச்சு எடுத்தா யாரு கேக்கப் போறா?”

மைத்துனருக்குப் பழங்கள் வைக்கிற குளிர்கிடங்குகள் இருந்தன. வந்து பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் எல்லாக் கிடங்கிலும் மாட்டுவதாகவும் சொல்லியிருந்தார். அரைகுறைக்கு வேண்டியது அவருடைய ஒரு தலையாட்டல். ஆட்டிவிட்டால் அந்தப் பெயர் ஒழியும்.

தினமும் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிச் சோதித்தான். எண்கள் தவறாமல் வந்தன. அவன் இல்லாத நேரங்களில் எதுவும் வராமல் கிடந்ததைப் பதிவில் பார்த்தான். திரை மக்கர் செய்கிறது என்று முடிவு கட்டினான். புது எண் வராவிட்டால் பழைய எண்ணே நிற்கும்படி திரையை அமைத்தவனும் அவன்தான். மனைவி திரையை நம்பி, தெர்மாமீட்டரோடு இறங்குவதை விட்டிருந்தாள்.

அண்ணன் வருகிற அன்று காலை, படியிறங்கும்போதே அவளுக்கு நாற்றம் அடித்தது.

“திரையில இருபத்திரெண்டு, உள்ள முப்பத்தொண்ணு!” தெர்மாமீட்டரைப் பிடித்தபடி கீழிருந்து கத்தினாள். “கடைசி ரூம்ல ஃபேன் நேத்தே நின்னுபோயிருக்கு.”

அவன் ஓடினான். வாசலைத் தாண்டியதும் போனில் முப்பத்தொன்று வந்து விழுந்தது.

“இதோ, வேலை செய்யுதே!”

“ரொம்ப நல்லா செய்யுது. செத்ததுக்கப்புறம் வைத்தியம் பாக்குது.”

அவன் போனை அவள் கையில் கொடுத்து, மேலே போய்த் திரையைப் பார்க்கச் சொன்னான். வில்லைக்கு எதிரே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

“வருதா?”

“வரலை.”

கால் மரத்துப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். வரவேயில்லை. அவள் போனோடு இறங்கி வந்ததும் வில்லை விழித்துக்கொண்டது.

கணக்கு எளிதானது. நிலத்தடிக்குள் கோபுரத்தின் அலையும் வைஃபையும் வருவதே இல்லை. கோபுரம் எட்டாதபோது போன் முழுப் பலத்தில் அலை வீசித் தொண்டை கிழியக் கூப்பிடும். வில்லை இத்தனை நாளும் பசியாறியது அந்தக் கூச்சலில். சோதிக்கப் போனவனே சோறும் ஊட்டியிருக்கிறான்.

மத்தியானம் மைத்துனர் வந்தார், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே வில்லையருகே நின்றார். எண்கள் அடித்துப் பிடித்து வந்தன.

“அட, மாப்ள! பேட்டரியும் இல்ல, வயரும் இல்ல! வெறுங்கையில முழம் போடுறியேடா! என் கிடங்கு எல்லாத்துக்கும் பண்ணிக் குடு. இனிமே உன்னை அரைகுறைன்னு எவனாவது சொன்னா என்கிட்ட அனுப்பு.”

மனைவி அழுகிய பைகளை மூலையில் குவித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கம் பார்க்கவில்லை.

“மச்சான், ரெண்டு போனையும் மேல வச்சிட்டு வாங்க.”

“எதுக்கு?”

“வச்சிட்டு வாங்களேன்.”

முனகிக்கொண்டே வைத்துவிட்டு வந்தார். அவன் போனும் மேலேயே இருந்தது. அவள் போய்த் திரையருகே நின்றாள். காத்திருந்தார்கள். மைத்துனர் கொட்டாவி விட்டார்.

“எதுவும் வரலைண்ணே,” என்று மேலிருந்து குரல் வந்தது.

அவன் காரணத்தைச் சொன்னான். மைத்துனர் வில்லையைச் சுண்டிப் பார்த்தார்.

“நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா நான் மாட்டியிருப்பேன்டா.”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்குச் சொன்னே?”

“உங்க கிடங்குல பூட்டுப் போட்டப்புறம் உள்ள யாரு போனோட நிப்பா?”

“அரைகுறை,” என்றார் அவர். திட்டினாரா, வழக்கமாகக் கூப்பிட்டாரா என்று தெரியவில்லை.

மனைவி இறங்கி வந்தாள். சாறு வடிகிற பைகளில் இரண்டைத் தூக்கிக் கணவனிடம் கொடுத்தாள். மூன்றாவதை அண்ணனின் வெள்ளைச் சட்டைமேல் சாய்த்தாள்.

“பிடிண்ணே. இன்னும் நிறைய கிடக்கு.”