ரீட்டா என்ன செய்தாள்?

கதையை வாசித்து முடித்த கேஷானி தாள்களை மேசையில் தட்டி அடுக்கினாள். மாகாணக் குறும்படப் போட்டிக்காக உயர்தர வகுப்பு எடுக்கப்போகும் படம் அது. நல்ல பிள்ளை துளசியாக யார் நடிப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கதையை எழுதியவளும் கேஷானி, மாணவத் தலைவியும் கேஷானி. கெட்டுப்போன ரீட்டாவாக யார் நடிப்பது என்று ஜெயகுமார் சேர் கேட்டபோதுதான் வகுப்பு கொஞ்சம் தயங்கியது.

"நிஷாலினி செய்யட்டும் சேர். அவளுக்கு நடிக்கவே தேவையில்ல," என்றாள் கேஷானி.

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாகப் பரவி முன்னுக்கு வந்தது. அந்தப் பாடசாலைக்குப் புதிதாக வந்திருந்த சேருக்கு விஷயம் புரியவில்லை. ஜன்னலோரம் இருந்த நிஷாலினிக்கு நன்றாகவே புரிந்தது.

அவள் ஹல்துமுல்லைக்குக் கீழேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, உயர்தரம் படிக்கப் பண்டாரவளைக்கு வந்தவள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பள்ளிக்கூடப் படங்கள் என்றால் உயிர். கொரியப் படமோ, இங்கிலீஸ் படமோ, தமிழ்ப் படமோ, எல்லாவற்றிலும் ஒரு புதுப் பிள்ளை வருவாள். முதலில் எல்லோரும் அவளைக் கேலி செய்வார்கள். பிறகு அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முடியை வெட்டிக்கொண்டு வராந்தாவில் மெதுவாக நடந்து வருவாள். எங்கிருந்தோ காற்று வீசும். அதோடு அவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகிவிடுவாள். நிஷாலினியும் அதை நம்பித்தான், முதல் நாள் லயத்து வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நெற்றி முடியைத் தானே வெட்டிக்கொண்டு போனாள். ஒழுக்கத்துக்குப் பொறுப்பான டீச்சர் அந்த முடியை மூன்று கிளிப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டார். காற்று வீசவில்லை.

ஆனாலும் கேஷானியின் கூட்டம் அவளைச் சேர்த்துக்கொண்டது. பகலில் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டார்கள், பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள். தான் பொருந்திப் போய்விட்டதாகத்தான் நிஷாலினி நினைத்திருந்தாள், அந்த மழைநாள் வரும்வரை.

அன்று ஹப்புத்தளைப் பாதையில் மண் சரிந்து பஸ்கள் நின்றுவிட்டன. பெரகல சந்தியில் நனைந்துகொண்டு நின்ற நிஷாலினியைக் கண்டது ரொஷான். பக்கத்து லயத்துப் பையன். இருவரும் சிறு வயதிலிருந்தே தேவாலயப் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடுகிறவர்கள். இப்போது அந்தச் சந்தியில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறான். மழை விடும்வரை ஒரு கடையில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான். பாஸ்டரின் தும்மலை அவன் நடித்துக் காட்டியபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதை எதிர்க்கடையிலிருந்து யாரோ படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து அவளுக்குப் பெயர் பெரகல குயின். சாப்பாட்டு வேளையில் கேஷானியின் மேசையில் அவளுக்கு இடம் இல்லாமல் போனது. காமிலா மட்டும்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வாப்பாவுக்குப் பண்டாரவளைத் தெருவில் துணிக்கடை. எந்தச் சிக்கலையும் பேசித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிற பிள்ளை அவள்.

"சொந்தக்கார அண்ணன்னு சொல்லிரு. அதோட முடிஞ்சிரும்," என்றாள்.

"அவன் அண்ணன் இல்ல, காமிலா. கூட்டாளி. கூட்டாளியோட டீ குடிச்சதுக்கு நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

செய்தி தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் அம்மா பவுலினா அடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னாள்: "பேரக் கெடுத்துக்காத புள்ள. நம்மகிட்ட அது ஒண்ணுதான் இருக்கு." இனி ரொஷானுடன் பேசக்கூடாது என்றாள். நிஷாலினியும் சந்தியில் அவன் வண்டி நிற்கிற பக்கத்தை விட்டு மறுபக்கமாக நடக்கத் தொடங்கினாள். ஊர் பேசியதைவிட, தான் அப்படி நடந்ததுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

இப்போது வகுப்பு முழுவதும் அவள் அழுதுகொண்டு எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தது. நிஷாலினி எழுந்து நின்றாள்.

"நான் செய்றேன் சேர்," என்றாள்.

அதை எதற்கு ஒத்துக்கொண்டாய் என்று காமிலா வழியெல்லாம் ஏசினாள். வேறு யாராவது செய்தால் ரீட்டாவை இன்னும் மோசமாக்கிவிடுவார்கள் என்று மட்டும் நிஷாலினி சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது அவளுக்கே முழுதாகத் தெரியவில்லை.

படப்பிடிப்புத் தொடங்கியதும் ஒன்று தெளிவானது. அவளுக்கு நடிக்க வரும். போனைத் தாங்கியில் மாட்டிப் படம் பிடித்த ஜெஸீம் எதற்கும் வாய் திறக்காத பையன். அவன்கூட ஒரு காட்சி முடிந்ததும், இன்னொரு தரம் எடுக்கத் தேவையில்லை என்றான். ரீட்டா வராந்தாவில் தலைமுடியை விரித்துப் போட்டு நடந்து வருகிற காட்சியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள்.

ஒவ்வொரு நாளும் வசனத்தைப் பாடமாக்கும்போது ரீட்டாவைப் பற்றி அவள் யோசித்தாள். நல்ல பிள்ளைக்குத் துளசி என்று பெயர் வைத்துவிட்டு, கெட்டவளுக்கு மட்டும் ஏன் ரீட்டா? அவள் கழுத்தில் ஏன் ஒரு சிலுவைச் சங்கிலி? நிஷாலினியின் சித்திக்கும் அந்தப் பெயர்தான். விடிவதற்கு முன் எழுந்து ஜெபம் பண்ணிவிட்டு, தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறவள் அவள். கேஷானி வேண்டுமென்று எழுதியிருக்கமாட்டாள். பார்த்த படங்களில் இருந்ததுபோலவே எழுதியிருக்கிறாள். அப்படி யோசித்தபோது நிஷாலினிக்குக் கோபம் குறையவில்லை, இன்னும் கூடியது.

கடைசிக் காட்சியை எடுக்கும் நாள் வந்தது. மண்டபம் நிறைய மாணவிகள். ரீட்டா எல்லோர் முன்னாலும் வந்து அழ வேண்டும், தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். துளசி அவளை மன்னித்து, விரிந்த தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னிவிடுவாள். அதன் பிறகு எல்லோரும் அவளைச் சேர்த்துக்கொள்வார்கள்.

நிஷாலினி தன் இடத்தில் போய் நின்றாள். பிறகு ஜெயகுமார் சேரைப் பார்த்துக் கேட்டாள்:

"சேர், ரீட்டா என்ன செஞ்சா?"

சேர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். முதலிலிருந்து மறுபடி புரட்டினார். தலைமுடியை விரித்துப் போட்டாள். போனில் பேசினாள். ஒரு பையனோடு சிரித்தாள். மற்றதெல்லாம் அவளைப் பற்றி மற்றவர்கள் பேசியதுதான். அவர் கேஷானியைப் பார்த்தார்.

கேஷானியின் முகம் சிவந்துவிட்டது. படங்களில் அப்படித்தான் இருக்கும் என்றாள். கடைசியில் அவள் திருந்தாவிட்டால் நடுவர்கள் பரிசு தரமாட்டார்கள் என்றாள். சேர், எழுதியபடி ஒரு தரமும், நிஷாலினிக்குச் சரியாகப் படுகிறபடி ஒரு தரமும் எடுக்கலாம் என்றார்.

முதல் தரம் நிஷாலினி ஒரு குறையும் வைக்கவில்லை. கண்ணீர் வழிய மன்னிப்புக் கேட்டாள். அது நன்றாகவே வந்தது. முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி வந்து நின்றாள்.

"என்னப் பத்திப் பேசினவங்க எல்லாரும் இங்கதான் இருக்கீங்க. நான் செஞ்சது என்னன்னு ஒருத்தராச்சும் சொல்லுங்க. தலமுடிய விரிச்சுப் போட்டேன். சிரிச்சேன். இதுல எதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்? பேரு என்னோடது. அத நீங்க பிடுங்கி வச்சிக்கிட்டு, ஒழுங்கா நடந்தா திருப்பித் தாரோம்னு சொல்றீங்க. நான் கெஞ்ச வரல. என்னோடத எடுத்துக்கிட்டுப் போக வந்திருக்கேன்."

அடுத்த வசனம் துளசியுடையது. கேஷானி சீப்பைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தாள். நிற்பாட்டச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, ஜெஸீமும் நிற்பாட்டவில்லை. கூட்டமாக நிற்க வந்த சின்ன வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்களோ, யாருக்குத் தெரியும். கேஷானி சீப்பை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் நிஷாலினியின் மேசைக்கு வந்தாள். கையில் புதிதாக எழுதிய தாள்கள் இருந்தன. காமிலா நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கேஷானி நின்றுகொண்டே பேசினாள்.

"நீ அப்பிடிப் பேசினதுக்குப் பொறகு துளசிக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லாமப் போச்சு. ராவெல்லாம் யோசிச்சு வேற எழுதினேன்."

புதிய கதையில் துளசி யாரையும் மன்னிக்கவில்லை. கூட்டத்திலிருந்து விலகி வந்து ரீட்டாவின் பக்கத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். நிஷாலினி வாசித்துக்கொண்டிருக்கும்போது கேஷானி மெல்லிய குரலில் இன்னொன்றும் சொன்னாள். பின்னேரமானால் அவளுடைய அப்பா அவள் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாராம். நல்ல பிள்ளையாக இருப்பதும் லேசு இல்லையாம். அன்று வகுப்பு குரூப்பில் கேஷானியே எழுதினாள், இனி யாரும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லக்கூடாது, சொன்னது பிழை, தான் சொன்னதும் பிழை என்று.

உடனே கட்டிப்பிடித்துக்கொள்வதெல்லாம் படங்களில்தான் நடக்கும். நிஷாலினி தாள்களை மடித்து வைத்துவிட்டு, கதை நல்லா இருக்கு என்றாள். கேஷானிக்கு அது போதுமாக இருந்தது. காமிலாவின் கோபம் ஆற இன்னும் ஒரு கிழமை எடுத்தது.

வீட்டில் அடுப்படியில் நின்று அம்மாவுக்கு அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டினாள் நிஷாலினி. பவுலினா ரொட்டியைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். ரொட்டி ஒரு பக்கம் கருகிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

பதுளையில் போட்டிப் படங்களைத் திரையிடும் நாளன்று மண்டப வாசலில் பல பாடசாலைப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு த்ரீவீல் வந்து நின்றது. அதிலிருந்து பவுலினா இறங்கினாள், நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்த சேலையில். ஓட்டி வந்தவன் ரொஷான். வேலைக்குப் போகாமல் நின்றதாகவும், பஸ்ஸைத் தவறவிட்டதாகவும், இந்தத் தம்பியைத் தானே கூப்பிட்டு ஏறி வந்ததாகவும் பவுலினா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு ரொஷானிடம், வெளியே நிற்காமல் உள்ளே வந்து படத்தைப் பார்க்கச் சொன்னாள்.

ரீட்டா திரையில் பேசத் தொடங்கியதும் மண்டபத்தில் கிசுகிசுப்பு அடங்கியது. நான் கெஞ்ச வரல என்ற இடத்தில் பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை விசில் அடித்தாள். பெண்பிள்ளை விசில் அடிக்கிறாளே என்று அதட்டத் திரும்பிய டீச்சர், என்ன நினைத்தாரோ, மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். துளசி வந்து பக்கத்தில் நின்றபோது கைதட்டல் எழுந்தது. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் அது நிற்கவில்லை. முதலிடம் அவர்களுக்குக் கிடைத்தது. சிறந்த நடிகைக்கான கேடயத்துக்கு நிஷாலினியின் பெயரை மைக்கில் கூப்பிட்டபோது, அவளுக்கு முன்னால் எழுந்து கத்தியது கேஷானி.

மண்டபத்துக்கு வெளியே பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். லுணுகலையிலிருந்து வந்த மூன்று மாணவிகள் ரீட்டா அக்கா, ரீட்டா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார்கள். அவர்களுடைய டீச்சர், ஓரமாகக் கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற பவுலினாவைக் கண்டு, நீங்கள் யார் என்று கேட்டார்.

பவுலினா முந்தானையைச் சரிசெய்துகொண்டு தலையை நிமிர்த்தினாள்.

"நான்தாங்க ரீட்டாவோட அம்மா," என்றாள்.