ஊசிக்குப் பிறகான அரை மணி

1

இந்தக் கதை சித்தியிடமிருந்து எடுத்தது. அவளும் முழுசாகத் தரவில்லை. துணி மடித்துக்கொண்டே பாதி சொன்னாள், மீதிக்குச் சிரித்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை பெய்த ஒரு மாலையில் அவள் அவனை...' அடித்துவிட்டேன். அன்று மழை இல்லை. சித்திக்கு அவர் 'அவன்' ஆனதும் இல்லை.

2

சித்தி ஊசி போட்டுக்கொள்ளப் போன கிளினிக் இப்போது செல்போன் கடை. சின்ன வயதில் நானும் ஓரிரு தடவை போயிருக்கிறேன். ஸ்பிரிட் வாசனை, முனகும் மின்விசிறி, ஊசி போடும் அறைக்குக் கதவுக்குப் பதில் பச்சைத் திரை. இன்றும் ஸ்பிரிட் வாசனை வந்தால் எனக்குச் சித்தியின் நினைவுதான்.

சித்தி பள்ளி நூலகர். பழைய புத்தகத்தைத் திறந்தாலே தும்முவாள். வீட்டில் எல்லோரும் கல்யாணப் பேச்சை விட்டுவிட்ட வயது. ஒத்துக்கொள்ளாத தூசியையே துளித்துளியாக உடம்புக்குப் பழக்கும் அலர்ஜி ஊசியை வாராவாரம் போட்டுக்கொண்டாள். போட்டதும் அரை மணி அங்கேயே உட்கார வேண்டும்.*

அதே கிழமையில், அதே ஊசிக்கு, சோபாக்காரர் ஒருவரும் வருவார். பழைய சோபாக்களைப் பிரித்துப் புது உறை தைப்பவர், மனைவியை இழந்தவர். முதல் நாளே கிளினிக் நாற்காலியை அமுக்கிப் பார்த்து, "ஸ்பாஞ்சு செத்துப்போச்சுங்க. இதுல அரை மணி ஒரு மணியாத் தெரியும்" என்றார்.

"எனக்கு அப்படித் தெரியலையே" என்றாளாம் சித்தி.

[இங்கே அவள் வெட்கப்பட்டதாக எழுதினேன். படித்துவிட்டு, "வெட்கமாவது கத்தரிக்காயாவது. மூக்கு சிவந்தது அலர்ஜிடி" என்றாள்.]

* அபூர்வமாகச் சிலருக்கு மூச்சு அடைக்கும். உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். அதற்குத்தான் இந்தக் காவல்.

3

ஒரு நாள், ஊசிக்கு முன், அவர் பையிலிருந்து ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் காட்டினார். கண் அழுத்தத்துக்காம். முந்தின நாள்தான் ஆரம்பித்தாராம்.

பெயரைப் படித்ததும் சித்திக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் முன்பே மாற்ற வைத்திருந்தார். பழைய மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை. அது உடம்பில் இருந்தால் ஆபத்து நேரத்தில் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். சில கண் சொட்டு மருந்துகளும் அதே வகைதான் என்று சொல்லி, இந்தப் பெயரையும் சொல்லியிருந்தார்.

"நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க."

"கண்ணுல விடுறதுக்கும் கையில போடுறதுக்கும் என்னங்க சம்பந்தம்? சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க. அப்புறம் நான் என்ன சாக்கு சொல்லி இங்க வர்றது?"

அதற்குள் சித்தியை உள்ளே கூப்பிட்டார்கள்.

என் பழைய நாவல் என்றால் அவள் சொல்லாமல் இருந்திருப்பாள். அவருக்கு மூச்சு அடைக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருவர் கைகளும்... வேண்டாம். அந்த முடிவில் அவர் பிழைப்பார் என்று என்னால் உறுதி தர முடியவில்லை.

4

சித்தி பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்து உட்கார்ந்தாள். அவர் உள்ளே போனார். திரைக்குப் பின்னால் வழக்கமான கேள்வி:

"புது மருந்து ஏதாவது?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

அந்த வாராந்திர அரை மணியைத் தவிர சித்திக்கென்று அப்போது வேறு... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசில்லை.)

"இருக்கு சிஸ்டர்" என்றாள் இந்தப் பக்கமிருந்து. "கண்ணுக்கு விடுறார். பையில பாருங்க."

திரைக்குப் பின்னால் பையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு ஊசி கிடையாது" என்றார் நர்ஸ். "கண் டாக்டர்கிட்ட வேற மருந்து முடியுமான்னு கேளுங்க. நீங்களா சொட்டு மருந்த நிறுத்திடாதீங்க. அவர் என்ன சொல்றாரோ, அதப் பாத்துதான் இந்த ஊசி. இப்ப நீங்க காத்திருக்க வேண்டாம், கிளம்பலாம்."

5

அவர் திரையை விலக்கி வெளியே வந்தார், சட்டைக் கையை இறக்கிவிட்டபடி.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"நீதானே கதை எழுதுறவ? எழுதிக்கோ" என்று சித்தி துணியை மடிக்கத் தொடங்கினாள்.

கோபமாகப் போக வைத்தேன்; அவருக்குப் பொருந்தவில்லை. நன்றி சொல்ல வைத்தேன், எனக்கே சகிக்கவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். பக்கத்து நாற்காலியில் சித்தியின் கைப்பை இருந்தது. அவர் வெளியே வந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இனி அவரை உட்கார வைப்பதோ, வாசலுக்கு அனுப்புவதோ, உங்கள் பாடு.