குடையுடன் வாங்கிய பில்டர்

ஒரு காப்பி பில்டர் வாங்குவதற்கு வானமாமலை செய்த யோசனையில் பாதியைக்கூடத் தன்னைக் கட்டிக்கொள்வதற்கு அவன் செய்திருக்க மாட்டான் என்று செண்பகவல்லி நினைத்தாள். அன்றைக்குப் போட்டோவைப் பார்த்தான், சரி என்றான். இன்றைக்கு ஆபீசில் கேட்டான், மாலை நேரக் காமர்ஸ் வகுப்பில் கேட்டான், ரயிலில் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்தவனையும் விடவில்லை. பித்தளை நல்லதா, எவர்சில்வர் நல்லதா? ஓட்டை பொடியாக இருக்க வேண்டுமா, கொஞ்சம் பெரிதாகவா? கேட்டுவிட்டு வந்ததை எல்லாம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ஒப்பித்தான். சோறு ஆறியது.

"பித்தளையில டிகாஷன் மணக்குமாம். ஆனா ஈயம் பூசணுமாம். எவர்சில்வர்ல அந்தக் கஷ்டம் இல்ல. ஆனா மணம் வராதாம். நீ என்ன சொல்லுத?"

"நான் என்ன சொல்ல? நீங்க சாப்பிடுங்க. பில்டரு வாங்க முன்ன நான் கெழவியாயிருவேன்."

இத்தனைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் பில்டர் காப்பி பழக்கமில்லை. தாராவியில் அவர்கள் இருந்த வரிசையில் எல்லோரும் போலவே செண்பகவல்லியும் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, பொடியைப் போட்டுக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி இறக்குவாள். அதைக் குடித்து யாரும் சாகவில்லை. ஆனால் மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தில் கீழ்த்தளத்து அறை காலியாகியிருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது கட்டடத்துச் செக்ரட்டரி சங்கரநாராயணன். ரயில்வே ஆபீசில் பெரிய உத்தியோகம். வானமாமலை போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "தாராவியா? ம். ஞாயித்துக்கிழமை ஆத்துக்காரியோட வரேன். ஒரு வாய் காபி சாப்ட்டா போறும். மனுஷாளைக் காபியிலேயே தெரிஞ்சுடும்."

இதைக் கேட்டு வந்த அன்று செண்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள். காப்பியில் மனுஷனைத் தெரிந்துகொள்கிற ஆளுக்கு ரயில்வேயில் என்ன வேலை, ஜோசியக் கடை போட்டு உட்காரலாமே என்றாள். ஆனாலும் அந்த அறை அவளுக்கு வேண்டும். மாட்டுங்காக்காரர்களின் பவிசுக்காக அல்ல. அந்த அறைக்குள்ளேயே குழாய் இருந்தது. திருகினால் தண்ணீர். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விடியுமுன் நின்று, "ஏய், மேரா நம்பர்" என்று எவளோடாவது மல்லுக்கு நின்று, இடுப்பு கடுக்கத் தூக்கி வருகிற வாழ்க்கை அந்தக் குழாயோடு முடிந்துவிடும். அதற்காக எவன் மூக்கு மோந்து பார்த்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருந்தாள்.

சனிக்கிழமை வானமாமலை ஒருவழியாகத் தாதருக்குப் போய்ப் பித்தளைப் பில்டர் ஒன்றை வாங்கி வந்தான். வெளியே மழை கொட்டியது. குடையைக் கதவு மூலையில் சாய்த்துவிட்டு, பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவன் முகத்தில் பரீட்சையில் தேறியவனின் களை இருந்தது.

"ஏளா செம்பகம், இந்தக் கடைக்காரப் பயலுவ நம்மள என்னன்னு நெனச்சிருக்கானுவ? ஆபீஸ்ல திருவேங்கடம் சார் நேத்தே சொல்லிட்டாரு. 'பில்டர் வாங்கறச்சே குடையை மறந்துடாதேயும், குடை இல்லேன்னா மொத்தமும் வீண்'னாரு. நல்லவேளை, கையோட கொண்டு போனேன்."

"மழையில குடை கொண்டு போவச் சொல்ல ஒரு சாரு வேணுமாக்கும்."

"முழுசாக் கேளு. கடைக்காரன் பில்டரைக் கட்டிக்கிட்டே, 'சாப், சத்ரீ லேங்கே?'ங்கான். சத்ரின்னா குடை. கையில கம்பு வச்ச தட்டு ஒண்ண வச்சு ஆட்டிக்கிட்டே கேக்கான். பாத்திரக் கடையில குடை யாவாரம்! நான் விடுவனா? என் குடையத் தூக்கி மூஞ்சிக்கு நேரா காட்டி, 'மேரே பாஸ் ஹை', எங்கிட்ட இருக்குன்னேன். கடையில இருந்தவன் எல்லாம் சிரிச்சான். அவனுக்கு மொகம் செத்துப்போச்சு."

செண்பகவல்லி பில்டரைத் திருப்பிப் பார்த்தாள். மேலே ஓட்டை போட்ட பாத்திரம், கீழே ஓட்டை இல்லாத பாத்திரம், ஒரு மூடி. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை ஊர்ப் பஞ்சாயத்து?

மறுநாள் காலை மாட்டுங்காவில் அரைத்து வாங்கிய பொடியை மேல் பாத்திரத்தில் போட்டு, கொதித்த நீரை ஊற்றினாள். பொடி குப்பென்று மேலே எழும்பி மிதந்தது. தண்ணீர் தனக்கு வழி தேடிக்கொண்டு சடசடவென்று கீழே இறங்கிவிட்டது. திறந்து பார்த்தால், அரிசி களைந்த தண்ணீருக்குச் சாயம் போட்டதுபோல் ஒன்று கிடந்தது.

வானமாமலை எட்டிப் பார்த்தான். "ஓட்டை பெரிசோ? எவர்சில்வரே வாங்கியிருக்கலாமோ? நானும் அப்பவே..."

"நீங்க வெளிய போயி நாற்காலியத் தொடைங்க" என்றாள் செண்பகவல்லி.

அவன் போனதும், மிதந்த பொடி, இறங்கிய தண்ணீர், பொட்டலத்தில் மிச்சமிருந்த பொடி எல்லாவற்றையும் ஒரு சட்டியில் கொட்டினாள். கொதிக்கவிட்டாள். துணியைப் போட்டு வடிகட்டிப் பிழிந்தாள். கருப்பட்டிக்குப் பதில் சர்க்கரை, பாட்டில் பால். பில்டரைக் கழுவித் துடைத்து, பளபளவென்று அடுப்பு மேடையில் சாமி மாதிரி நிறுத்தினாள்.

சங்கரநாராயணன் வந்தார். வானமாமலை துடைத்த நாற்காலியைத் தன் கைக்குட்டையால் இன்னொருமுறை துடைத்துவிட்டு உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், "சைவம்தானே?" என்றார். சைவம்தான் என்றான் வானமாமலை. சற்று நேரம் கழித்து, ஆள் மாறியிருப்பானோ என்பதுபோல் மறுபடியும், "சைவம்தானே?" என்றார். அவருடைய மனைவி கனகவள்ளி மாமி உட்காரவே இல்லை. "நான் அடுக்களையைப் பாத்துடறேன்" என்று திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

செண்பகவல்லி திரைக்கு வெளியே கை நீட்டிக் காப்பியைக் கணவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, மாமியின் கையில் பில்டர் இருந்தது. மூடியைத் திறந்தாள். மேல் பாத்திரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் உலர்ந்தே வந்தது. அடுத்து மாமியின் பார்வை சட்டிமேல் கிடந்த பழுப்புத் துணியில் போய் நின்றது.

"குடை எங்கே?"

என்ன இது, இவளும் குடையையே கேட்கிறாள் என்று செண்பகவல்லிக்கு எரிச்சலாக வந்தது. திரையின் இடுக்கு வழியாகக் கதவு மூலையைக் காட்டினாள். அங்கே வானமாமலையின் கறுப்புக் குடை, நேற்றைய மழை ஈரம் இன்னும் காயாமல் நின்றது.

மாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் செண்பகவல்லி மன்னித்திருப்பாள். காலில் மிதிபட்டதைக் குனிந்து பார்ப்பதுபோல் மாமி அவளைப் பார்த்தாள்.

"அசடே. பொடியை அமுக்க ஒரு தட்டு உண்டு. நடுவுல கம்பு நிக்கும். அதுக்குப் பேர் குடை. அது இல்லாத பில்டர்ல என்னத்தைப் போட்டே? அவருக்கு என்னத்தைக் குடுத்தே?"

கம்பு வைத்த தட்டு. செண்பகவல்லிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூஞ்சிக்கு நேரே குடையைக் காட்டினவனுக்குத்தான் தான் கழுத்தை நீட்டியிருக்கிறோம் என்பதும் சேர்த்து விளங்கியது. கடையில் எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்பதுகூட இன்னும் அவனுக்குத் தெரியாது. குழாய் போயிற்று. மாமி வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் குடமும் வரிசையும்தான்.

அந்த நேரம் பார்த்து வெளியே சங்கரநாராயணன் ஒரு மிடறு விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"பேஷ்! ஓய், இது பித்தளை பில்டர் டிகாக்ஷன். எவர்சில்வர்ல இந்த வாசனை ஏழு ஜன்மத்துக்கும் வராது. சொட்டுச் சொட்டா, நிதானமா எறங்கினது. கொதிக்க வெச்சு வடிகட்டறாளே, அந்தக் கண்ராவியை எல்லாம் நான் வாசப்படியிலேயே கண்டுபிடிச்சுடுவேன்."

"தாதர்ல வாங்கினது சார்" என்றான் வானமாமலை.

அடுக்களையில் மாமி அசையாமல் நின்றாள். அவள் முகத்தில் இருந்த இளக்காரம் அப்படியே இருந்தது. பார்வை மட்டும் செண்பகவல்லியை விட்டுத் திரைப் பக்கம் திரும்பியது.

"கேட்டியோ?" என்றாள் தணிந்த குரலில். "வாசப்படியிலேயே கண்டுபிடிச்சுடுவாராம்."

மாமி சட்டிமேல் கிடந்த துணியைக் கண்ணால் காட்டினாள்.

"எங்காத்துக் குடையில கம்பு எப்பவோ ஒடைஞ்சுடுத்து. புதுசு வேணும்னு சொன்னா, இவர் பத்துக் கடை ஏறி எறங்குவார், பத்துப் பேரண்டை அபிப்பிராயம் கேப்பார். யாருக்குப் பொறுமை? அன்னிலேர்ந்து வேஷ்டித் துணிதான். தெனமும் குடிச்சுட்டு, 'பில்டர்னா இதுடீ'ம்பார்."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு முட்டியது. முந்தானையை வாயில் வைத்தாள். மாமியும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். மாமி பில்டரை மூடி, மேடையில் வைத்து, பித்தளையைத் தொட்ட விரல்களைத் தன் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ரூம் கெடைக்கும். நான் சொல்றேன். ஆனா அந்தத் துணியை வெளியில கொடியில காயப் போட்டு வெக்காதே. நாலு பேர் இருக்கற கட்டடம். எங்களுக்குன்னு ஒரு பேர் இருக்கு."

"உங்க துணிய எங்கன காயப்போடுவீங்க மாமி?"

மாமி திரையை விலக்கிக்கொண்டு போனாள்.

மழைக்காலம் முடியுமுன்பே அவர்கள் மாட்டுங்காவுக்கு வந்துவிட்டார்கள். முதல் நாள் காலையில் செண்பகவல்லி குழாயைத் திருகினாள். யாரோடும் சண்டை போடாமல் தண்ணீர் கொட்டியது. காப்பித் துணியை அதில் காட்டி, தேவைக்கு மேலேயே அலசினாள். மாடியிலிருந்து, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி மாமியின் குரல் வந்தது.

"ஏண்டீ செண்பகம், பில்டர்ல குடை சரியா ஒக்காந்துதா?"

"ஜோரா ஒக்காந்திருக்கு மாமி!" துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டே செண்பகவல்லி கத்தினாள். "உங்க வீட்டுல?"

"எங்காத்துல என்ன கேள்வி!"

ஆபீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வானமாமலை வாசலில் நின்று வானத்தைப் பார்த்தான். பளிச்சென்று வெயில் அடித்தது. "காலங்காத்தால ரெண்டு பேரும் என்னளா குடை குடைன்னு? மழை வருமோ?"

செண்பகவல்லி துணியைக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டினாள். மூலையிலிருந்த குடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"கொண்டு போங்க. அது இல்லேன்னா மொத்தமும் வீண்."

அவன் ஒரு கணம் யோசித்தான். வாங்கிக்கொண்டு போனான்.