ஐந்தாவது டின்

மேட்டூர் அணை கட்டி முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கடல்போலத் தேங்கிக் கிடந்த தண்ணீரில் மோட்டார் படகு விட்டு விளையாடப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். அந்தக் கிளப்பின் படகை ஓட்டுகிறவன் அர்த்தநாரி. ஆட்டையாம்பட்டிக்காரன், சேலத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், சம்பளம் கூடுதலாகக் கிடைக்கிறதென்று தண்ணீருக்கு வந்தான். அவனுடைய தங்கை கண்ணாத்தாளைக் கட்டியவன் காளியப்பன். அணைக்குள் மூழ்கிப்போன ஊர் ஒன்றில் பரிசல் போட்டுப் பிழைத்த குடும்பம் அவனுடையது. ஊர் போனபின் அவனும் கிளப்பில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான்.

கிளப் காரியதரிசி சீமையிலிருந்து ஒரு ஜோடி நீளப் பலகை வரவழைத்திருந்தார். அவற்றைக் காலில் மாட்டிக்கொண்டு, படகின் பின்னால் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி தண்ணீர்மேல் நின்று சறுக்கிப் போகவேண்டும். கிளப் அங்கத்தினர்கள் ஒவ்வொருவராக ஏறி ஏறி விழுந்தார்கள். ஒருநாள் காளியப்பன் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினான், இறங்கவே இல்லை. பரிசலில் பிறந்தவனுக்குத் தண்ணீர் எப்போது எந்தப் பக்கம் சாயும் என்பது காலுக்கே தெரிந்திருந்தது. அன்றிலிருந்து கிளப்பின் பந்தயக்காரன் அவன்தான்.

பந்தயத்துக்குத் தண்ணீரில் ஒரு தடம் போட்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் டின்களை ஈயம் வைத்து அடைத்து, சிவப்புச் சாயம் பூசி, வலப்பக்கம் மூன்றும் இடப்பக்கம் மூன்றுமாக மிதக்கவிட்டிருந்தார்கள். படகு நடுவில் நேர்கோட்டில் போகும். பின்னால் வருகிறவன் வலத்து டின்னை வெளிப்புறமாகச் சுற்றி, படகின் அலையைத் தாண்டி, இடத்து டின்னை வெளிப்புறமாகச் சுற்றி, இப்படியே ஆறையும் முடிக்கவேண்டும். ஒவ்வொரு டின்னும் நார்க்கயிற்றால் ஒரு கல்லோடு கட்டப்பட்டு, கல் அடியில் கிடந்தது. பாசனத்துக்குத் தண்ணீர் விட விட அணையில் மட்டம் இறங்கும். இறங்கினால் கயிறு தொய்யும். தொய்ந்த நார்க்கயிறு அமிழாது. டின்னைச் சுற்றிப் பாம்பு கிடப்பதுபோல மேலேயே வளைந்து கிடக்கும். அதனால் தை பிறந்ததிலிருந்து மச்சானும் மாப்பிள்ளையும் அடிக்கடி பரிசலில் போய்க் கயிறுகளைச் சுருக்கிக் கட்டிவிட்டு வந்தார்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு கிளப் போட்டிக்கு வந்தது. அன்று காலையும் இருவரும் கயிறு சுருக்கப் போனார்கள். நாலு டின்னை முடித்து, ஐந்தாவதற்குப் போகும்போது கரையில் கொம்பு ஊதிவிட்டார்கள். விருந்தாளிகள் சீக்கிரமே வந்துவிட்டார்கள், படகு உடனே வேண்டும் என்று காரியதரிசி கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"ரெண்டு பாக்கி இருக்குதே மாப்ள," என்றான் அர்த்தநாரி.

"உடுங்க மச்சா. கவுறு எங்க கெடக்குதுன்னு எனக்குத் தெரியும். சித்த எட்டச் சுத்தி வந்துக்கறேன்."

அர்த்தநாரி ஒரு கணம் அந்த டின்னைப் பார்த்தான். பிறகு துடுப்பைக் கரைப்பக்கம் திருப்பினான்.

படகில் வழக்கமாக இரண்டு பேர் இருப்பார்கள். ஓட்டுகிறவன் முன்னால் பார்ப்பான். அவனோடு பச்சமுத்து என்ற ஃபிட்டர், பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து சறுக்குகிறவனையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆள் விழுந்தால் அவன் அர்த்தநாரியின் தோளைத் தட்டுவான், படகு நிற்கும். அன்றைக்கு விருந்தாளி ஒருவர் படகில் போகவேண்டும் என்று ஆசைப்பட்டார். காரியதரிசி பச்சமுத்துவை இறக்கிவிட்டு அவரை ஏற்றினார். என்ன செய்யவேண்டும் என்று அர்த்தநாரி அவரிடம் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

காளியப்பன் முதல் டின்னைச் சுற்றினான். இரண்டு, மூன்று, நான்கு. கரையில் கைதட்டல் கேட்டது. விருந்தாளி கரையைப் பார்த்துக் கைக்குட்டையை வீசினார். படகு திடீரென்று லேசாகி முன்னால் துள்ளியது. லாரியில் பாரம் விழுந்தால் ஓட்டுகிறவன் முதுகுக்குத் தெரியுமே, அதுபோல அர்த்தநாரிக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். கயிற்றின் கைப்பிடி வெறுமனே தண்ணீரில் குதித்துக்கொண்டு வந்தது.

படகை வளைத்துத் திருப்பினான். விழுந்தவன் கையைத் தூக்கிக் காட்டவேண்டும். அதுதான் அவர்களுக்குள் பேச்சு. கை எதுவும் தெரியவில்லை. ஒற்றைப் பலகை மட்டும் மிதந்தது. அது எங்கிருந்து எங்கே வந்ததோ.

"எங்கீங்க உளுந்தாரு?"

விருந்தாளியின் முகம் வெளுத்துவிட்டது. "நான்... நான் பார்க்கவில்லை," என்றார்.

அர்த்தநாரி டின்களை எண்ணினான். ஐந்துதான் இருந்தன. இருக்கவேண்டிய இடத்தில் ஐந்தாவது டின்னையே காணவில்லை. ஐந்தாவதின் கல் பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் கிடந்தது. வந்த வேகத்தில் கயிறு காலைச் சுற்றி இழுத்திருக்கிறது. கல் விளிம்பிலிருந்து நழுவிப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. ஆளையும் டின்னையும் சேர்த்துக் கீழே கொண்டு போய்விட்டது.

ஐந்தாவது, வலத்து வரிசையின் கடைசி டின். அதே வரிசையில் அதற்கு முன்னாலிருந்த முதல் டின்னும் மூன்றாவது டின்னும் இன்னும் மிதந்தன. ஒன்றின் பின்னால் மற்றது மறையும்படி படகை நிறுத்தி, அதே கோட்டில், அதே இடைவெளிக்குப் போனான். எஞ்சினை அணைத்தான். கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தான்.

முதல் முறை கைக்கு எதுவும் படவில்லை. பச்சையாக ஒரு இருட்டு, அவ்வளவுதான். மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி போனான். எதுவுமில்லை. படகு காற்றில் நகர்ந்துவிட்டிருந்தது, கோடு தவறிவிட்டது. கரையில் கண்ணாத்தாள் நிற்பாள் என்ற நினைப்பு வந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே டின்களைப் பார்த்து மறுபடி கோட்டைப் பிடித்தான். "ஆத்தா, காளியாத்தா, கையில ஒட்டு," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு மூன்றாவது முறை இறங்கினான். முழங்கையில் தகரம் இடித்தது. டின். அதிலிருந்து கயிறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டே கீழே போனான். பாதம் கிடைத்தது.

அறுத்தான். கயிறு தசைக்குள் புதைந்திருந்தது. கயிறு எது, கால் எது என்று தெரியாமலே அறுத்தான்.

மேலே கொண்டு வந்தபோது காளியப்பனின் முகம் நீலம் பாரித்திருந்தது. கரையில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். வெகுநேரம் தண்ணீர்தான் வந்தது. மூச்சு வராதென்று எல்லோரும் கைவிட்டபிறகும் அர்த்தநாரி அமுக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு இருமல். காரில் போட்டு அணைக்கட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கண்ணாத்தாள் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உடன் போனாள். அர்த்தநாரி காரின் படியில் கால் வைத்தான்.

அப்போதுதான் காரியதரிசி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பெங்களூர்க்காரர் சறுக்குவார், ஐந்தாவது இடத்தில் வேறு டின் போடச் சொல்லியாயிற்று.

படியிலிருந்து காலை எடுத்தான். கார் போய்விட்டது.

"வேண்டாமுங்க. ஆறாவது டின்னுக்குக் கவுறு தொய்ஞ்சு கெடக்குது. புதுசுக்கும் அதே நீளந்தான் கட்டுவாங்க. நாளைக்கி வெச்சுக்கலாமுங்க."

"நாளைக்கு அவர்கள் ரயிலேறிவிடுவார்கள்," என்றார் காரியதரிசி. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீ ஆஸ்பத்திரிக்குப் போ. படகை நான் ஓட்டிக்கொள்கிறேன்."

"சாமி, ஒரு உசுரு போயி வந்துருக்குது."

"அது விபத்து. போ."

பெங்களூர்க்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பலகையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வயசு இருக்கும். அர்த்தநாரி அவரிடம் போய்க் கயிற்றைப் பற்றிச் சொல்லிப் பார்த்தான். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. புன்னகை செய்து அவன் தோளைத் தொட்டார். துக்கம் விசாரிக்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது.

எல்லோரும் கூடாரத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது அர்த்தநாரி பரிசலைத் தள்ளினான். கயிறுகளைச் சுருக்கிக் கட்டிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் போனான். ஆஸ்பத்திரியில் என்ன ஆகிறதோ என்று மனம் அடித்துக்கொண்டது. காற்று கிளம்பிவிட்டது. ஒற்றை ஆளாய்ப் பரிசலை ஓர் இடத்தில் நிறுத்தவும் முடியவில்லை, கல்லைத் தூக்கி முடிச்சுப் போடவும் முடியவில்லை. கட்டக் கட்டப் பரிசல் சுழன்று கயிற்றைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. உள்ளங்கை கிழிந்தது. கூடாரத்திலிருந்து ஆட்கள் எழுந்து வருவது தெரிந்தது.

கத்தியை எடுத்தான். ஆறாவது கயிற்றை அறுத்தான். புதிதாகப் போட்டதை அறுத்தான். இரண்டோடு விட்டால் மறுபடி போட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. நாலாவது, மூன்றாவது, எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டே போனான். சிவப்பு டின்கள் காற்று தள்ளிய பக்கமெல்லாம் போயின. கரையில் யாரோ கத்தினார்கள். அவன் நிற்கவில்லை.

தடமில்லாமல் பந்தயம் ஏது? பெங்களூர்க்காரர்கள் பெட்டி கட்டினார்கள். காரியதரிசி அவனை அப்போதே வேலையை விட்டு நிறுத்தினார். கிளப் கொடுத்திருந்த வீட்டையும் காலி செய்யச் சொன்னார். அவன் சரியென்று சொல்லிவிட்டு ஈரத்துணியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

வராந்தாவில் கண்ணாத்தாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கட்டைவிரலில் மை ஒட்டியிருந்தது.

"எங்கண்ணா போன?" என்றாள்.

அவன் சொன்னான்.

"காலை எடுக்கோணும்னு டாக்டர் கேட்டாரு. எடுக்காட்டி உசுரு தங்காதுன்னாரு. ஆரைக் கேக்கறது? வாசலையே பாத்துட்டு நின்னேன். அப்பறம் நானே கைநாட்டு வெச்சேன்." அவள் அழவில்லை. "நீ ஆருக்கோ கவுறு அறுத்துட்டு இருந்திருக்கற."

"அந்தப் பையனும் உளுந்திருந்தா..."

"தெரியுது. தெரியாம இல்ல. ஆனா நான் ஒண்டியா நின்னேனே அண்ணா."

அவன் உள்ளே போனான். காளியப்பன் மயக்கம் தெளியாமல் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது. கத்தியை எவ்வளவு ஆழம் இறக்கினோம் என்று யோசித்தபடி அர்த்தநாரி கட்டிலின் கால்மாட்டில் நின்றான். டாக்டர் கயிற்றினால் வந்த காயம் என்றுதான் சொன்னார். அவன் அதை முழுதாக நம்பவில்லை.

புண் ஆறியதும் மூவரும் பள்ளிபாளையத்துக்குப் போனார்கள். அர்த்தநாரி மறுபடி லாரி ஓட்டினான். காளியப்பன் ஒரு பரிசல் வாங்கிக் காவேரியில் ஆள் ஏற்றினான். உட்கார்ந்து துடுப்புப் போடுவதற்கு ஒரு கால் போதும் என்பான். மச்சான்மேல் அவனுக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. காலையில் பரிசலைத் திருப்பச் சொன்னது தான்தானே என்று அவனே சொல்வான். கண்ணாத்தாள்தான் அண்ணனுக்குச் சோறு போடுவாள், துணி துவைத்து வைப்பாள், பேசமாட்டாள். அடுத்த ஆடிப் பெருக்குக்கு ஆற்றில் விளக்கு விடப் போனபோது, வழுக்குப் படியில் இறங்கத் தயங்கி, பின்னால் நின்ற அவன் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினாள்.

"புடி," என்றாள்.