குமுளிக்குப் போன சொல்

சோறு என்கிற சொல் கம்பம் ஊரை விட்டுப் போனது இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றே காலுக்கு. கேரள எல்லைக் குமுளிக்குப் போகும் பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து போனதாகக் கண்டக்டர் முத்துக்கருப்பன் சொன்னார். ஆளில்லாத சீட்டிலிருந்து சோறு வடித்த ஆவி எழும்பி, லோயர் கேம்ப் தாண்டி மலையேறும் வரை ஜன்னல் கண்ணாடி வேர்த்ததாம். டிக்கெட்டை யாரிடம் நீட்டுவது என்று தெரியாததால் அவர் கிழிக்கவில்லை.

போன காரணம் ஹக்கீமுக்குத் தெரியும். கல்யாண மண்டபமொன்றில் பதினோரு வருடம் பந்தி பரிமாறி, அந்த வருடம்தான் கோட்டும் ‘டைனிங் மேனேஜர்’ என்ற பட்டமும் பெற்றிருந்தார். மண்டபத்தில் வெள்ளைச்சோறு ஸ்டீம்டு ரைஸ், நெய்ச்சோறு கீ ரைஸ். அன்று பந்திக்கு வந்திருந்த அவர் மனைவி சாஜிதா, பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிந்து வெளியே வந்த முதல் நாள். நல்ல பசி. “மச்சான், இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லுங்க” என்றாள். பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார். ஹக்கீம் குனிந்து, “மெதுவா பேசு. ரைஸ்னு சொல்லு. பெரிய ஆளுக உக்காந்திருக்காக” என்றார். சாஜிதா பாதி இலையில் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டாள். அப்போது மணி ஒன்றே கால்.

சாயங்காலம் முதல் ஊரில் யார் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. வாய் திறந்தால் வெறுங்காற்று. அரிசி வழக்கம்போல் வெந்தது, விலையும் ஏறவில்லை. ஆனால் எத்தனை தட்டு தின்றாலும் பசி அப்படியே இருந்தது. கட்டட வேலைக்கு வந்த பீகார்காரர்கள் மட்டும் தங்கள் பாஷையில் ‘பாத்’ என்று சொல்லி உண்டு ஏப்பம் விட்டார்கள். ஊரும் அதைக் கடன் வாங்கிப் பார்த்தது; சாவல், அன்னம், சாதம் எல்லாம் பார்த்தது. இரவல் சொல் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

பிரமுகர்கள் சங்கம் அவசரமாகக் கூடி, போன சொல்லைப் பொன்னாடை போர்த்தி அழைத்து வருவதென்று தீர்மானித்தது. நோட்டீசில் சொல் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகவே அச்சாகியது. தலைவர் தங்கபாண்டி, என்னவென்று சொல்லாமலே அதன் பெருமையை நாற்பது நிமிடம் பேசி, பொன்னாடையைத் தானே போர்த்திக்கொண்டார். பிறகு எல்லோரும் ஆளுக்கு ஐந்து தட்டு சாப்பிட்டுப் பசியோடு வீடு போனார்கள்.

பதினோராம் நாள் சாஜிதாவுக்குப் பால் வற்றியது. புட்டிப்பாலைப் பிள்ளை துப்பியது. அழுது அழுது அதன் குரலும் சுருங்கிவிட்டது. முத்துக்கருப்பன்தான் வாசலில் வந்து நின்று, “அங்கன மலைமேல நல்லாத்தான் இருக்கு ஆத்தா. மலையாளத்தாளுக தெருவுல நின்னு சத்தமாச் சொல்றாக, ஒருத்தருக்கும் கூச்சமில்ல” என்றார். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பின்னாலேயே ஹக்கீமும், கோட்டைக் கழற்ற மறந்து.

குமுளி ஓட்டலில் பரிமாறுபவர், “சோறு வேணோ?” என்றார். சாஜிதாவின் கண் நிறைந்தது. “சோறு” என்றாள், பிறகு இன்னும் சத்தமாக, “சோறு போடுங்க.” நாலாவது கவளத்தில் ரவிக்கை நனைந்தது. முந்தானைக்குள் பிள்ளை குடிக்கும் சத்தம் மூன்று மேசைக்குக் கேட்டது.

“சாருக்கு?”

ஹக்கீம் வாய் திறந்தார். “ரைஸ்” என்று வந்தது.

“நான் சொல்லிறவா?” என்றாள் சாஜிதா. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பரிமாறுபவரிடம் திரும்பினாள். “வேணாம். அவுக வாயாலேயே கேக்கட்டும்.”

அவள் கம்பத்துக்குத் திரும்பவில்லை. குமுளியில் ஓர் அறை எடுத்து, ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போகிறாள். பிள்ளை நடக்கிறது. கம்பம் பசியோடு வாழப் பழகிவிட்டது. மண்டபத்தில் இரண்டு பந்தி ஆறு பந்தியானதில் முதலாளிக்கு வருத்தமில்லை. ஹக்கீம் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து மலையேறி, அதே ஓட்டலில் இலைமுன் உட்கார்ந்து வாயைத் திறக்கிறார். சாஜிதா காத்திருக்கிறாள்.

போன வாரம் ‘சோ’ வரைக்கும் வந்தது. கழுத்து நரம்பு புடைத்து, அதோடு நின்றுவிட்டது. சாஜிதா தன் இலையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அவர் இலையில் வைத்தாள். அந்த ஒரு பிடிக்கு உண்டான பசி அடங்கியது. மிச்சப் பசியோடு அவர் நாலு மணி பஸ்ஸில் மலை இறங்கிப் போனார். ஓட்டல்காரர் அடுத்த ஆளுக்கு இலை போட்டார்.