கதவுக்குத் தெரிந்த ஆள்

பதினேழாம் நம்பர் வீட்டுக் கார் ஷெட்டு வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மனிதக் கண் எதற்கும் அவர் தெரியவில்லை. கதவுக்கு மட்டும் தெரிந்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையிலிருந்து இப்படி.

வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். வயது அறுபத்தெட்டு. ஸ்பின்னிங் மில்லில் முப்பத்து நான்கு வருஷம் மெஷின்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கார் ஷெட்டுக் கதவு, ரிமோட்டை அமுக்கினால் தானே ஏறித் தானே இறங்குகிற வகை. அன்று அமுக்கினார். கதவு ஒரு சாண் இறங்கியது. நின்றது. மறுபடி மேலே போய்விட்டது. மோட்டாரில் இருந்த விளக்கு பத்துத் தடவை மினுக்கியது.

கதவோடு கொடுத்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். பத்து மினுக்கு மினுக்கினால் வாசலில் ஆள் நிற்கிறார் என்று போட்டிருந்தது.

சென்னியப்பன் லேசுப்பட்டவர் இல்லை. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றினார். விளக்குமாறை நகர்த்தினார். ஒட்டடை அடித்தார். காரை வெளியே எடுத்துத் தெருவில் விட்டார். கதவு மறுபடியும் ஒரு சாண் இறங்கி, பத்து மினுக்கு மினுக்கியது. கம்பெனிக்கு போன் போட்டார்.

"ஆள் நிக்கறாருங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"எனக்குத் தெரியலைங்க."

"கதவுக்குத் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"அப்ப நிக்கறாருங்க. அவரு போன பொறகு மறுபடியும் கூப்பிடுங்க."

போன் கட்டாகிவிட்டது. பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் காலனி வாட்ச்மேன் நோட்டில் எழுதிவிட்டார்: பதினேழு, ஒருவர், நிற்கிறார். எழுதிய பிறகு சும்மா விடுவார்களா? எதிர் வீட்டு கோகிலவாணி படிவத்தோடு வந்துவிட்டார். காலனிச் சங்கச் செயலாளர் அவர்தான்.

"இவருக்குப் பேரு என்னங்க?"

"தெரியலைங்க."

"உங்களுக்கு என்ன முறை?"

"இன்னும் முறை வெச்சுக்கலைங்க."

"எத்தனை நாளைக்கு நிப்பாரு?"

"கதவத்தானுங்க கேக்கோணும்."

கோகிலவாணி எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு காலியாக இருந்த வாசல் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்கீங்களா? இப்படியே நிக்கறீங்களே, காலு வலிக்கலீங்களா?" என்றார். பதில் வரும் வரை மரியாதையாகக் காத்திருந்தார். தலையாட்டினார். "ரொம்ப நல்ல மாதிரிங்க" என்று சென்னியப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வருஷமாக எதிர் வீட்டில் இருக்கிறார் அந்த அம்மாள். ஒரு நாளாவது சென்னியப்பனைப் பார்த்து நல்லா இருக்கீங்களா என்று கேட்டதில்லை. அவருக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பதினெட்டாம் நம்பர்க்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இருபத்திரண்டாம் நம்பரிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இனிப்பு ஒப்புட்டு சுட்டுக் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் நம்பரில் இருக்கிற பழைய பேங்க் மேனேஜர் தினமும் பத்து மணிக்கு வந்து பேப்பரை முழுதாக வாசித்துக் காட்டினார், டெண்டர் விளம்பரம் உட்பட. எல்லோரும் வாசலைப் பார்த்துத்தான் பேசினார்கள். சென்னியப்பன் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றார். நின்றவர் சாப்பிடாததால் ஒப்புட்டு அத்தனையும் அவருக்கே வந்தது. நெய் போட்ட ஒப்புட்டு. அவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு அவரும் பேசினார். முதல் நாள் இருமிக்கொண்டு, வானிலையைப் பற்றி. நாலாம் நாள் கூச்சம் விட்டுப்போயிற்று. மில்லில் பன்னிரண்டாம் நம்பர் மெஷின் அவர் பக்கத்தில் நின்றால்தான் ஓடும், அவர் காபி குடிக்கப் போனால் நூல் அறுந்துவிடும். அந்தக் கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். நின்றவர் நடுவில் பேசவில்லை. மணி பார்க்கவில்லை. இது எனக்குத் தெரியுமே என்று சொல்லவில்லை. அட, இப்படி ஒரு ஆள் கிடைக்க ஏழு ஜென்மம் தவம் கிடக்க வேண்டும்.

அவர் சம்சாரம் துளசிமணி அமெரிக்காவில் இருந்தாள். மகள் பிரசவத்துக்கு என்று ஆறு மாதத்துக்குப் போனவள். போய் ஐந்து வருஷம் ஆகிறது. பிறந்த குழந்தை இப்போது ஸ்கூல் வேனில் ஏறிப் போகிறது. அந்த ஆறு மாதம் மட்டும் இன்னும் முடியவில்லை. ஏழாம் நாள் அவள் வீடியோ போனில் வந்தாள்.

"ஏனுங்க, சாப்டீங்களா?"

"ஆச்சு. இங்க ஆரோ வாசல்ல நிக்கறாங்க அம்மணி."

"ஆரு?"

"தெரியல. ஏழு நாளா நிக்கறாங்க."

"ஏழு நாளாவா? உள்ள வாங்கன்னு ஒரு வார்த்த கூப்பிட்டீங்களா இல்லையா?"

சென்னியப்பன் போனைக் கைமாற்றிப் பிடித்தார்.

"என்ன மனுசனுங்க நீங்க" என்றாள் துளசிமணி. பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். திரையில் கொஞ்ச நேரம் ஒரு காது தெரிந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

கூப்பிடாததற்குக் காரணம் இருந்தது. கூப்பிட்டு, அவர் உள்ளே வந்துவிட்டால் நல்லது. கூப்பிட்டும் வராமல் போனால்? அவர் வேறு யாருக்காகவோ நிற்கிறார் என்று ஆகிவிடும். சென்னியப்பனுக்கு அது தாங்காது. நிற்கிற வரைக்கும் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இதற்கிடையில் வீடு நீண்டுகொண்டிருந்தது. ஹாலிலிருந்து ஷெட்டுக்கு முன்பெல்லாம் எட்டு எட்டு வைத்தால் வந்துவிடும். ஐந்தாம் நாள் நாற்பது ஆனது. எட்டாம் நாள் அவர் நடுவழியில் உட்கார ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டார். கதவு திறந்தே கிடந்தால் வீடு இழுத்துக்கொள்ளும் என்று பேங்க் மேனேஜர் சொன்னார். அந்த இழுப்பில் அவர் வீட்டில் இரண்டு அடி குறைந்துபோயிருந்ததாம்.

ஒன்பதாம் நாள் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கதவு மூடியாக வேண்டும். மூடாவிட்டால் பத்து நாள் வாசலில் நின்றவரே வீட்டுக்காரர். உள்ளே இருப்பவர் விருந்தாளி. விருந்தாளிகள் மூன்று நாளைக்கு மேல் தங்க அனுமதி இல்லை. கீழே கோகிலவாணியின் கையெழுத்து இருந்தது. நோட்டீஸ் இரண்டு பிரதி. ஒன்று சென்னியப்பனுக்கு, இன்னொன்று நின்றவருக்கு. அதை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, சென்னியப்பன் வரச்சொன்ன மெக்கானிக் வந்தார். வெள்ளிங்கிரி என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு வேலையில் இறங்கினார்.

மோட்டாரிலிருந்து தொங்கிய சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கதவு மோட்டாரை விட்டுக் கழன்றது. கையாலேயே பாதி வரை இறக்கிக் கையை எடுத்தார். கதவு அந்தரத்தில் அப்படியே நின்றது.

"பேலன்ஸ் சரியா இருக்குதுங்க ஐயா. ஸ்பிரிங்கு நல்லா இருக்குது. அத மட்டும் நீங்க எந்தக் காலத்துலயும் தொட்டுறாதீங்க. தெறிச்சா கை போயிரும்."

"தொடமாட்டனுங்க."

"சுவத்துப் பட்டனை அமுக்கிப் பிடிச்சுட்டே இருந்தீங்கன்னா வம்படியா எறங்கும். ஆள் நிக்கறப்ப அப்படிப் பண்ணக் கூடாதுங்க. பாவம்."

"பண்ணலைங்க."

வெள்ளிங்கிரி குனிந்தார். வாசலின் இரண்டு பக்கமும் கணுக்கால் உயரத்தில் இரண்டு சின்னக் கண்கள் உண்டு. ஒன்றிலிருந்து ஒரு கதிர் போய் மற்றதில் விழும். குறுக்கே ஏதாவது வந்தால் கதவு இறங்காது. அவர் இடது பக்கக் கண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து போய் வலது பக்கத்தையும் பார்த்தார்.

"ஐயா, கண்ணுல பொட்டு வெச்சது ஆருங்க?"

"நாந்தானுங்க. ஆயுத பூசைக்கு."

மில்லில் அதுதான் பழக்கம். ஒரு மெஷின், ஒரு மோட்டார், ஒரு திருப்புளி விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அவர் இங்கே மோட்டாருக்கு வைத்தார், செயினுக்கு வைத்தார், உருளைகளுக்கு வைத்தார். கண்களை மட்டும் விட்டுவிட்டால் நன்றாகவா இருக்கும்? கட்டைவிரலால் அழுத்தி வைத்திருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. காஞ்ச துணியில தொடைச்சாப் போயிரும்."

"எது போயிரும்?"

"பொட்டுதானுங்க."

"அவரு?"

வெள்ளிங்கிரி வாசலைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "அவருந்தானுங்க" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

பேங்க் மேனேஜரும் கோகிலவாணியும் தெருவில் வந்து நின்றார்கள். மணி நாலே முக்கால். வெள்ளிங்கிரி பையிலிருந்து, கதவு மூடியதற்கான சான்றிதழ்த் தாளை எடுத்தார்.

"தொடைக்கறது வூட்டுக்காரர்தான் தொடைக்கோணும். கதவு மூடறப்ப நின்னவரு எந்தப் பக்கம் போனாருன்னு இதுல குறிக்கோணும். உள்ள, வெளிய, ரெண்டுல ஒண்ணு. குறிக்காட்டி சர்டிபிகேட் செல்லாதுங்க."

"அவரு எந்தப் பக்கம் போவாருன்னு எனக்கு எப்படீங்க தெரியும்?"

"நீங்க கூப்பிட்டா உள்ள. கூப்பிடாட்டி வெளிய. வேற என்னங்க இருக்குது?"

சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஐந்து வருஷமாக அந்த வீட்டுக்குள் யாரையும் அவர் கூப்பிட்டதில்லை. வார்த்தை தொண்டையில் எங்கேயோ மூலையில் கிடந்தது. இரண்டு தரம் செருமினார்.

"உள்ள வாங்க" என்றார்.

தெருவில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காற்று அடிக்கவில்லை. நாற்காலி நகரவில்லை.

"சும்மா வாங்க. நான் ஒருத்தன்தான் இருக்கறன்" என்றார்.

உள்ளே நின்றபடியே இடது கண்ணைத் துடைத்தார். வலது கண்ணைத் துடைத்தார். துண்டில் ஒரு சிவப்புத் தீற்றல் ஒட்டிக்கொண்டது. வெள்ளிங்கிரி மோட்டாரை மாட்டிவிட்டு வெளியே போனார். சென்னியப்பன் ரிமோட்டை அமுக்கினார். கதவு இறங்கியது. ஒரு சாணைத் தாண்டியது. இடுப்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, தரையைத் தொட்டது. எங்கேயும் நிற்கவில்லை. அத்தனை சுலபமாக அது மூடும் என்று அவர் நினைக்கவில்லை.

"இந்தப் பக்கம் காணமுங்க ஐயா" என்று வெளியிலிருந்து வெள்ளிங்கிரி கத்தினார். "உங்க பக்கம்?"

சென்னியப்பன் சுற்றிப் பார்த்தார். ஒரு ஏணி இருந்தது. காலி பெயின்ட் டப்பா இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"இருக்காருங்க" என்றார்.

கதவுக்கு அடியில் தாள் உள்ளே வந்தது. அவர் 'உள்ளே' என்பதில் குறி போட்டுக் கையெழுத்திட்டு வெளியே தள்ளினார். தாள் திரும்பி வந்தது.

"ஒரு கையெழுத்துதான் இருக்குதுங்க. உள்ள இருக்கற ரெண்டு பேரும் போடோணும்."

சென்னியப்பன் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வாழ்க்கையில் இடது கையால் ஒரு எழுத்து எழுதியதில்லை. தாளைப் பெயின்ட் டப்பா மேல் வைத்து, நெளிந்து நெளிந்து ஏதோ ஒரு பெயரை எழுதினார். என்ன எழுதினார் என்று அவராலேயே படிக்க முடியவில்லை. பார்க்கக் கையெழுத்து மாதிரி இருந்தது. வெளியே தள்ளினார். இந்த முறை தாள் திரும்பவில்லை.

"சரியா இருக்குதுங்க. மாசம் ஒருக்கா கதவுக்கு அடியில கட்டை வெச்சுப் பாருங்க, முட்டுனதும் மேல போகோணும். கீல்களுக்கும் உருளைக்கும் எண்ணெய் விடுங்க. தண்டவாளத்துக்கு வேண்டாம். அடுத்த பூசைக்குக் கண்ண மட்டும் விட்டுருங்க. வரனுங்க!"

காலடிச் சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போயின. பேங்க் மேனேஜர் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. கோகிலவாணி வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. நாளையிலிருந்து பத்து மணிக்கு யாரும் வரப்போவதில்லை. ஒப்புட்டும் இல்லை. பொய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அறுபத்தெட்டு வயதில் கார் ஷெட்டில் நின்று அழுவதா என்று வெட்கமாக இருந்தது. அழுதார்.

மோட்டார் விளக்கு நாலரை நிமிஷத்தில் தானே அணைந்துவிடும். அணைந்தது. கண்ணுக்கு எதிரே கை தெரியவில்லை.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நாலு எட்டு வைத்தவர் நின்றார். புது ஆளுக்கு வழி தெரியாது. விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டு முன்னால் போய்விடுகிற வழக்கம் உண்டா?

"பாத்து வாங்க" என்றார் இருட்டைப் பார்த்து. "இங்க ரெண்டு படி இருக்குது."

"மூணுங்க" என்று பதில் வந்தது.

சென்னியப்பன் காலால் தடவிப் பார்த்தார். மூன்றுதான் இருந்தது.